லொறி மோதிய பிறகு சட்டத்தரணியைத் தேடுவது எப்படி: யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லொறியோ டிப்பரோ மோதி ஒருவர் காயப்பட்டால் பொலிஸார் சாரதிமீது நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்கிறார்கள். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணம் கட்டுகிறார். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் உத்தரவிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒரு கால் போனவரின் எஞ்சிய வாழ்நாள் உழைப்பை அந்தத் தொகை ஈடுசெய்யும் என்று எவரும் நம்பியிருக்கக் கூடாது. அதற்கான வழக்கு வேறு. அதை மாவட்ட நீதிமன்றத்தில், உங்கள் பெயரில், உங்கள் சட்டத்தரணி தாக்கல் செய்ய வேண்டும். பொலிஸார் அதைச் செய்ய மாட்டார்கள்.

‘வழக்கு நடக்கிறதுதானே’ என்று குடும்பங்கள் பொலிஸ் வழக்கின் தவணைகளுக்குப் போய் வந்துகொண்டே இருக்க, நட்டஈட்டு வழக்குக்கான காலம் கடந்துவிடுகிறது. 1871ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள கால எல்லைச் சட்டத்தின்படி, இத்தகைய நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொலிஸ் வழக்கு முடியாதிருப்பது அந்தக் கெடுவை நீட்டாது. இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

சட்டத்தரணியிடம் போகுமுன்: முதல் நாட்களில் சேர்க்க வேண்டியவை

எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணி கிடைத்தாலும், முதல் வாரத்தில் தவறிப்போன சாட்சியத்தை இரண்டாம் ஆண்டில் அவரால் உருவாக்க முடியாது. ஆகவே காயப்பட்டவர் வைத்தியசாலையில் இருக்கும்போதே குடும்பத்தில் நிதானமான ஒருவர் இந்த வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும்.

விபத்து இடத்தில் இருப்பவர் 1990 என்ற இலக்கத்துக்கு அம்புலன்சுக்கும் 119க்குப் பொலிஸாருக்கும் அறிவித்த கையோடு, லொறியின் முன்கண்ணாடியைப் படம் எடுக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்திலும் காப்புறுதிச் சான்றிதழிலும் உள்ள விவரங்களே பின்னால் உதவும். இலக்கத்தகடு, லொறியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் வர்த்தகப் பெயர், ஏற்றியிருந்த பொருள், வீதியில் பதிந்த தடுப்பு (பிரேக்) அடையாளம், இரண்டு வாகனங்களும் நின்ற நிலை எல்லாவற்றையும் எடுங்கள். மணல் ஏற்றிய டிப்பர் என்றால், மணல் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் ஒன்று அதில் இருக்க வேண்டும். அது இருந்ததா, யாருடைய பெயரில் இருந்தது என்பது பிறகு ‘இந்த வாகனம் அன்று யாருடைய வேலையாக ஓடியது’ என்ற கேள்விக்கு விடை சொல்லும்.

கண்டி வீதியில் கொடிகாமம், சாவகச்சேரிப் பக்கம் கடைகளில் இப்போது கண்காணிப்புக் கமெராக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, பதிவைச் சில நாட்களில் தானே அழித்து மேலெழுதுபவை. கடைக்காரரிடம் அன்றோ மறுநாளோ பணிவாகப் போய்ப் பதிவைப் பாதுகாத்து வைக்கக் கேளுங்கள். அப்படிப் பதிவு இருப்பதைப் பொலிஸாரிடமும் சொல்லி, முறைப்பாட்டில் எழுதுவியுங்கள்.

பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையொப்பமிடுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்ட எதிலும் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டின் திகதியையும் பதிவு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வைத்தியசாலையில் ஒரு காரியம் அடிக்கடி தவறுகிறது. விபத்துக் காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸார் வழங்குவார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால் இது பெரும்பாலும் தானாக நடக்கும். ஆனால் ‘சிறு காயம்தானே’ என்று தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களின் விடயத்தில் இது நடப்பதில்லை. ஒரு மாதம் கழித்து முழங்கால் மடங்காமல் போகும்போதுதான் காயம் பெரியது என்று தெரிகிறது. அப்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, ‘இந்தக் காயம் இந்த விபத்தில் வந்ததற்கு என்ன சான்று?’ என்று கேட்பார். ஆகவே தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் பொலிஸாரிடம் படிவத்தைக் கேட்டு வாங்கிச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். வெளியேறும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்றே படங்கள், மருந்துச் சிட்டைகள், வைத்தியசாலைக்குப் போய்வந்த வாகனச் செலவுப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாகனப் பரிசோதகர் லொறியின் தடுப்பையும் ரயரையும் சோதித்து அறிக்கை கொடுப்பார். அந்தச் சோதனை முடிந்து வாகனம் விடுவிக்கப்பட்ட பிறகு அதன் பழுதை நிரூபிப்பது கடினம். தடுப்பு வேலை செய்யவில்லை என்று சாரதியே சம்பவ இடத்தில் சொல்லியிருந்தால், அதைக் கேட்டவரின் பெயரைப் பொலிஸாரிடம் உடனே கொடுங்கள்.

எந்த ஊரில் தேடுவது?

சட்டத்தரணியைத் தேடுமுன், வழக்கு எந்த ஊரில் தாக்கலாகும் என்று தெரிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊர் இதைத் தீர்மானிப்பதில்லை. விபத்து நடந்த இடம், அல்லது எதிராளி வசிக்கும் இடம், இவற்றில் ஒன்றின் மாவட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு. பருத்தித்துறை வீதியில் நடந்த விபத்து ஒன்று, நடந்த இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணத்துக்கோ பருத்தித்துறைக்கோ உரியதாகலாம். தென்மராட்சியில் நடந்தது சாவகச்சேரிக்கும், வலிகாமம் வடக்கில் நடந்தது மல்லாகத்துக்கும், தீவுப்பகுதியில் நடந்தது ஊர்காவற்றுறைக்கும் போகும். ஆனையிறவு தாண்டிப் பரந்தனில் நடந்தால் கிளிநொச்சி.

கொழும்புக்குப் போகும் வழியில் மதவாச்சிக்கு அப்பால் விபத்து நடந்திருந்தால் நிலைமை வேறு. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ், அங்கே சிங்களம். அப்படியான வழக்குக்கு அனுராதபுரத்திலோ, லொறிக் கம்பனி இருக்கும் ஊரிலோ முன்னிலையாகும் சட்டத்தரணி தேவை. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் பேசி, அவர் மூலமாக அங்குள்ள ஒருவரை அமர்த்துவதே நல்ல வழி என்பது என் கருத்து. உங்கள் கதையைத் தமிழில் முழுமையாகக் கேட்டுக் குறிப்பெடுக்க ஒருவர் இருந்தால், தூரத்து நீதிமன்றத்தில் பாதி விளங்காமல் நிற்கும் நிலை வராது.

வடக்கில் நடக்கும் வழக்கிலும் மொழி குறுக்கிடும். போக்குவரத்துப் பொலிஸாரின் குறிப்புகள் சிங்களத்தில் இருக்கலாம். வைத்திய அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த இரண்டையும் தானே வாசிக்கக்கூடிய, அல்லது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் உடனே கொடுத்து வாங்கும் பழக்கமுள்ள சட்டத்தரணியைத் தேடுங்கள்.

எப்படிப்பட்ட சட்டத்தரணி?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஏற்கெனவே ஒரு நொத்தாரிசு இருப்பார். காணி உறுதி, நன்கொடை, சீதனம் எல்லாம் அவர் கையால் எழுதப்பட்டிருக்கும். விபத்து நடந்ததும் கால்கள் அவரிடமே போகும். போவதில் பிழையில்லை, அவரைவிட நம்பத்தகுந்த ஆலோசகர் கிடைப்பது அரிது. ஆனால் உறுதி எழுதுவது ஒரு வேலை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது இன்னொரு வேலை. ‘ஐயா, விபத்து நட்டஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் நடத்துகிறவர் யார்? எங்களை அவரிடம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நொத்தாரிசும் மனம் கோணமாட்டார்.

அதேபோல, நீதவான் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற குற்றவியல் சட்டத்தரணி எல்லோரும் குடியியல் வழக்கு எழுதுவதில் கைதேர்ந்தவர்கள் அல்லர். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குரையே, அதாவது உங்கள் கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்யும் பத்திரமே, அத்திவாரம். கேட்காத நட்டஈட்டை நீதிபதி கொடுக்க முடியாது. மனைவியின் பராமரிப்பு உழைப்பு, எதிர்காலச் சத்திரசிகிச்சை, செயற்கைக் காலை மாற்றும் செலவு போன்றவை வழக்குரையில் விடுபட்டுவிட்டால் பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பத்திரங்களைத் தாக்கல் செய்யும் பதிவுச் சட்டத்தரணி ஒருவராகவும், மன்றில் எழுந்து வாதிடும் சட்டத்தரணி இன்னொருவராகவும் இருப்பது இங்கே வழக்கம். உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் புரொக்சிப் பத்திரத்தில் நீங்கள் கையொப்பமிடுவது முன்னவருக்கு. தவணை நாளில் உண்மையில் எழுந்து நிற்கப்போவது யார், அவருக்குக் கட்டணம் தனியா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

ஆளைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்ப்பதுதான். திறந்த மன்று, எவரும் பார்க்கலாம். யார் ஆயத்தமாக வருகிறார், யார் ஒவ்வொரு தவணையும் ஒத்திவைப்புக் கேட்கிறார் என்பது சட்டம் படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும். அதற்கு அடுத்தபடியாக, இத்தகைய வழக்கை நடத்தி முடித்த குடும்பத்தைத் தேடிப் பேசுங்கள். உள்ளூர்ச் சட்டத்தரணிகள் சங்கத்திலும் விசாரிக்கலாம்.

பணம் இல்லாதவர்கள் தயங்கவே வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையோடு நீதிமன்றத்தில் முன்னிலையாகும் சட்டத்தரணியையும் அது ஏற்பாடு செய்கிறது. தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரிடம் பெற்ற வருமான உறுதிக் கடிதம், கையிலுள்ள விபத்துப் பத்திரங்கள் ஆகியவற்றோடு போங்கள். இலவசம் என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. அந்த எண்ணத்தால் 2 ஆண்டையும் இழப்பதைவிட அங்கே போய்க் கேட்பது எவ்வளவோ மேல்.

வார்ட்டில் கட்டில் அருகே வந்து ‘நல்ல லோயர் இருக்கிறார், ஒரு கையெழுத்து வையுங்கள்’ என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் ‘பிறகு பார்ப்போம்’ என்று அனுப்பிவிடுங்கள். ஆள் பிடிப்பது சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளில் தடைசெய்யப்பட்ட செயல். அந்த விதியை மீறி வழக்குப் பிடிக்கிறவர், உங்கள் விடயத்தில் மற்ற விதிகளைக் காப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

‘யார் யாரை எதிராளிகளாகச் சேர்ப்பீர்கள்?’ என்பதே முதல் கேள்வி. லொறி விபத்தை மோட்டார் சைக்கிள் விபத்திலிருந்து பிரிப்பது இதுதான். சாரதியிடம் பெரும்பாலும் பணம் இராது. அவர் முதலாளியின் வேலையில் ஓடியிருந்தால் முதலாளியும் பொறுப்பாளி. வாகனப் பதிவில் ஒரு பெயர் இருக்கும். லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் நிதிக் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருக்கும். வாகனத்தை உண்மையில் வைத்து ஓட்டுவிப்பவர் மூன்றாமவராக இருக்கலாம். ஒப்பந்தத்துக்கு ஓடியிருந்தால் பொருளை ஏற்றியனுப்பியவர் நான்காமவர். இவர்களில் யார் சாரதிக்குச் சம்பளம் கொடுத்தார், யார் அவருக்குக் கட்டளையிட்டார் என்று தேடிப் பார்க்காமல் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரை மட்டும் எழுதப் பார்க்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

‘காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் எப்போது போகும்?’ என்பது இரண்டாவது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். எதிராளிக்கு எதிராக நீங்கள் தீர்ப்புப் பெற்றால் அந்தப் பணத்தைக் காப்புறுதிக் கம்பனி செலுத்த வேண்டும். ஆனால் வழக்குத் தொடங்குமுன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு வழக்குப் பற்றி அறிவித்திருக்க வேண்டும். அந்த அறிவித்தல் தவறினால், தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தும் கம்பனி கைவிரித்துவிடலாம். மீதியிருப்பது சாரதியும் உரிமையாளரும்தான். விபத்து வழக்கு நடத்திப் பழகியவர் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். பதிவுத் தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டின் பிரதியை உங்களுக்கும் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, உங்கள் பக்கத்துத் தவறை மறைக்காமல் சொல்லுங்கள். தலைக்கவசம் அணியாதது, மாலையில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனது, மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறியது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டிலிருந்து நமது சட்டம், பாதிக்கப்பட்டவரின் பங்குத் தவறு இருந்தால் நட்டஈட்டை அதற்கேற்பக் குறைக்கிறது, முற்றாக மறுப்பதில்லை. சட்டத்தரணி முதலிலேயே அறிந்தால் அதற்கேற்ப வழக்கை அமைப்பார். குறுக்கு விசாரணையில்தான் அவர் முதல் தடவையாகக் கேட்கிறார் என்றால் காப்பாற்றுவது கடினம்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். வழக்குரை தயாரிக்க எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, வழக்கு ஒத்திவைக்கப்பட்டாலும் தவணைக் கட்டணம் உண்டா, முத்திரைச் செலவும் மொழிபெயர்ப்புச் செலவும் யாருடையவை என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். வருகிற நட்டஈட்டில் பெரும்பங்கு தனக்கு என்று பேசுகிறவரோடு உடன்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுச் சாப்பாடாக இருக்கலாம்.

கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் உறவினர், ‘இங்கே வென்றால்தான் காசு, ஒன்றும் கட்டத் தேவையில்லை’ என்று தொலைபேசியில் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அது அந்த நாட்டு நடைமுறை. அதை எதிர்பார்த்து இங்கே ஒவ்வொரு சட்டத்தரணியாக மாறிக்கொண்டிருந்தால் மாதங்கள் போய்விடும். விடுமுறைக்கு வந்த இடத்தில் விபத்துக்குள்ளானவர் திரும்பிப் போகுமுன் சட்டத்தரணியை நேரில் சந்தித்து, இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் எழுத்து அதிகாரம்) கொடுத்துவிட்டுப் போவது நல்லது. சாட்சியமளிக்கத் தானே வர வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டறிந்துகொள்ளட்டும்.

வருமானத்தை நிரூபித்தல்

சம்பளப் பட்டியல் உள்ள அரசாங்க உத்தியோகத்தருக்கு இது சுலபம். யாழ்ப்பாணத்தில் வீதியில் அடிபடுகிறவர்களில் பலர் மேசன்மார், கடற்றொழிலாளர், தோட்டக்காரர், சீவல் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள். அவர்களுக்கு ‘மாதம் இவ்வளவு உழைத்தார்’ என்று எழுதிய தாள் எதுவும் இராது. அதனால் அவர்களுடைய உழைப்பை எதிர்த்தரப்பு மலிவாகப் பேசும். இங்கேதான் நல்ல சட்டத்தரணியின் பொறுமை தெரியும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்துவமும் மீன் விற்ற சிட்டைகளும், கமநல சேவை நிலையத்தின் பதிவு, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கள்ளு ஊற்றிய கணக்கு, மேசனை அழைத்து வீடு கட்டிய இரண்டு மூன்று பேரின் சாட்சியம், வங்கிப் புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த தொகை, நகை அடகு மீட்ட சிட்டைகூட உதவும். இவற்றைக் கேட்காமல் ‘கூலித்தொழிலாளி’ என்ற ஒரு சொல்லோடு வழக்குரையை முடிக்கப் பார்க்கிறவரை, அந்த இடத்திலேயே நிறுத்தி இவற்றைக் கொடுங்கள்.

உயிரிழப்பு ஏற்பட்டால்

திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னால் குடும்பத்தவர் சொல்வது பதிவாகும். துக்கத்தில் ‘எங்களுக்கு யார்மீதும் சந்தேகமில்லை’ என்று வழக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். கண்டதையும் அறிந்ததையும் மட்டும் சொல்லுங்கள்; காணாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் அந்த இழப்புக்கு நட்டஈடு கேட்கலாம். முன்னர் பிள்ளையை இழந்த தாய்க்கு, அந்தப் பிரிவுக்காகச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் நெருங்கிய உறவினரின் அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் வழி திறந்திருக்கிறது. சட்டத்தரணி இந்தச் சட்டத்தை அறிவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

வேறு கதவுகள்

லொறியின் சாரதியோ கிளீனரோ வேலையில் காயப்பட்டிருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில்தருநரிடம் நட்டஈடு கேட்கலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் 2022இல் அதில் சேர்த்தார்கள். மோதிய வாகனம் தப்பியோடி இனங்காணப்படாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். திணைக்கள வாகனமோ இராணுவ வாகனமோ என்றால் அரசுக்கு எதிரான வழக்குக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். பிரதேச சபையின் உழவு இயந்திரமோ குப்பை லொறியோ என்றால் கெடு 2 ஆண்டைவிடக் குறுகியது. அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். கேட்கும் தொகை சிறியதென்றால் முதலில் இரு தரப்பையும் சமரசப்படுத்தும் இணக்கசபைக்குப் போக வேண்டியிருக்கும்.

சமரசத் தாளில் கையொப்பமிடுமுன்

லொறி உரிமையாளர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். செத்தவீட்டுச் செலவுக்கோ வைத்தியசாலைச் செலவுக்கோ ஒரு தொகை தருவார். நல்ல மனத்தோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பணத்தை வாங்குவதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆனால் ‘இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற பொருள்பட எழுதிய எதிலும், பொலிஸ் நிலையத்திலோ காப்புறுதிக் கம்பனி அலுவலகத்திலோ, தனியே கையொப்பமிட வேண்டாம். எலும்பு பொருந்தியதா, இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டுமா என்று வைத்தியர் சொல்லுமுன் எந்தத் தொகை நியாயம் என்று எவருக்கும் தெரியாது.

சட்டத்தரணியை மாற்ற நேர்ந்தால்

தவணை நாட்களைச் சொல்வதில்லை, தொலைபேசியை எடுப்பதில்லை என்று வந்தால் முதலில் நேரில் போய், பதிவாளர் அலுவலகத்தில் பார்த்த வழக்கு இலக்கத்தையும் அடுத்த திகதியையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதுவும் சரிவராவிட்டால் மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் புதியவரிடம் போய்க் கையொப்பமிட்டால் மட்டும் போதாது. பழைய புரொக்சியை நீதிமன்றத்தின் அனுமதியோடு இரத்துச் செய்த பிறகே புதியது செல்லுபடியாகும். அதற்குமுன் மூலப் பத்திரங்களையும் கோப்பின் பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வழக்கே தாக்கல் செய்யாதது போன்ற பெரிய முறைகேடு என்றால், சத்தியக்கடதாசியோடு கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம். சட்டத்தரணிகளைச் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரமுள்ளது அந்த நீதிமன்றமே. அந்த முறைப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதும் 2 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே முறைப்பாட்டை எழுதும் வாரத்திலேயே புதிய சட்டத்தரணியின் வழக்குரையும் தயாராக வேண்டும்.